கருப்பையை எடுத்தால் சினைப்பையையும் எடுக்க வேண்டுமா?

“அவங்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்களாம்.” கல்யாண வீட்டிலோ கோயில் அன்னதான வரிசையிலோ பெரியவர்கள் இப்படிப் பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கருப்பையை மட்டும் எடுத்தார்களா, இல்லை அதன் இருபுறமும் உள்ள சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா? கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது. சில நேரங்களில் அறுவை செய்துகொண்டவருக்கே தெரியாது.

இது பெரியவர்கள் விஷயம், நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அம்மாவோடும் பாட்டியோடும் மருத்துவமனைக்குப் போய், மருத்துவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது பல வீடுகளில் உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைதான். சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டுவதும் அந்தப் பிள்ளைதான். அதில் எழுதியிருப்பது என்னவென்று உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முதலில் படத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். பாடநூலில் இனப்பெருக்க மண்டலத்தை வரைந்து பெயர் குறித்திருப்பீர்கள். நடுவில் தலைகீழான பேரிக்காய் போல் இருப்பது கருப்பை. அதன் மேல் மூலைகளிலிருந்து இரு கைகள் போல் நீள்பவை கருக்குழாய்கள். கை முனையில் விரல்கள் விரிந்திருக்க, அவற்றின் அருகே பாதாம் பருப்பு அளவில் இருப்பவை சினைப்பைகள். மலாய் நூலில் ‘ஓவாரி’ என்று குறித்திருப்பார்கள்.

கருப்பை குழந்தை வளரும் இடம். மாதவிடாய் இரத்தம் வருவதும் அதன் உட்சுவரிலிருந்துதான். சினைப்பைக்கோ இரண்டு வேலைகள். ஒன்று, கருமுட்டையை வெளியிடுவது. மற்றொன்று, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன், சிறிதளவு டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைச் சுரப்பது. இவை இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் போகின்றன. எலும்பைக் கரைக்கும் செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்யாமல் ஈஸ்ட்ரோஜன் கட்டுப்படுத்துகிறது. இரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறாமல் இருக்கவும் அது உதவுகிறது. மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் பகுதியும் அதை எதிர்பார்த்தே இயங்குகிறது.

ஆகவே கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நின்றுவிடும், ஹார்மோன் நிற்காது. அப்படியானால் மாதாமாதம் வெளிவரும் முட்டை எங்கே போகும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அது வயிற்றறைக்குள் விழுகிறது. கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும் அளவுதான், உடல் அதை அப்படியே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும்.

சினைப்பை என்ன செய்கிறது என்று தெரியாத காலம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் பேட்டி என்ற மருத்துவர் 1872இல் நோயில்லாத சினைப்பைகளை அறுத்தெடுக்கத் தொடங்கினார். வலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும்கூட இதுவே மருந்து என்று பலர் நம்பி அவரைப் பின்பற்றினார்கள். இன்று படிக்கும்போது நமக்குக் கோபம்தான் வருகிறது. 1896இல் ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்ணின் சினைப்பைகளை எடுத்தபோது கட்டி சுருங்கியதாக எழுதினார். வயிற்றில் உள்ள உறுப்பை எடுத்தால் மார்பில் உள்ள கட்டி ஏன் சுருங்க வேண்டும்? சினைப்பை ஏதோ ஒன்றை இரத்தத்தில் அனுப்புகிறது என்பதற்கு அது ஒரு துப்பு. அந்த ‘ஏதோ ஒன்றை’, அதாவது ஈஸ்ட்ரோஜனை, 1929இல்தான் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டனாண்ட்டும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள்.

அதன் பிறகும் பழைய வழக்கம் முழுதாகப் போகவில்லை. கருப்பையில் தசைக்கட்டிகள் வளர்ந்து இரத்தப்போக்கு அதிகமாகி, கருப்பையை எடுக்க நேரும்போது, நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குச் சினைப்பைகளையும் சேர்த்தே எடுப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. காரணம் கேட்டால், “இனி குழந்தை வேண்டாம், வைத்திருந்தால் பிற்காலத்தில் புற்றுநோய் வரலாம்” என்பார்கள்.

அந்தப் பயம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. சினைப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் அறிகுறி காட்டாது. வயிறு உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைந்த உணர்வு என்று சாதாரணமாகத் தொடங்கும். கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் பரவியிருக்கும். நோயில்லாதவர்களைச் சோதித்து முன்கூட்டியே கண்டுபிடிக்க, நம்பத்தகுந்த பரிசோதனையும் இல்லை. ஆனால் பயம் ஒரு பக்கம் இருக்க, எண்ணிப் பார்க்கவும் வேண்டுமல்லவா?

தாதியர்கள் சொன்ன கணக்கு

அமெரிக்காவில் 1976இல் தாதியர் சுகாதார ஆய்வு என்ற ஒன்று தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான தாதியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை தங்கள் உடல்நலம் பற்றிய கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினார்கள். அவர்களில் புற்றுநோய் அல்லாத காரணத்துக்காகக் கருப்பை எடுக்கப்பட்ட 30,117 பேரை 28 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவு 2013இல் வெளிவந்தது.

சினைப்பைகளை வைத்துக்கொண்டவர்கள் 13,203 பேர். அவர்களில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் 44 பேர், அதாவது ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர். எடுத்துவிட்ட 16,914 பேரில் அந்த நோயால் இறந்தவர்கள் 4 பேர்தான். இதுவரை பார்த்தால், எடுத்ததே சரி என்று தோன்றும்.

இப்போது அடுத்த வரியைப் படியுங்கள். எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணத்தைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சினைப்பைகளை எடுத்தவர்களுக்கு ஆபத்து 13 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதய நோய் அதில் முக்கியமானது. எந்த வயதில் எடுத்தாலும் மொத்தத்தில் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. ஐம்பது வயதுக்குள் சினைப்பைகளை இழந்து, ஈஸ்ட்ரோஜன் மருந்தே எடுக்காமல் இருந்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்து தெளிவாகத் தெரிந்தது. மருந்து எடுத்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை.

ஒரு கதவைப் பூட்டியதில் இன்னொரு கதவு திறந்துகொண்டது. புற்றுநோய் என்ற சொல் நம்மை நடுங்க வைக்கிறது, மாரடைப்பு அவ்வளவு நடுங்க வைப்பதில்லை. ஆனால் பெண்களின் உயிரைப் பறிப்பதில் இதய நோய்க்குச் சினைப்பைப் புற்றுநோயைவிடப் பல மடங்கு பங்கு உண்டு.

அறிவியல் மாணவராக இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இது சீட்டுக் குலுக்கிப் போட்டு இரு குழுவாகப் பிரித்த சோதனையா? இல்லை. யாருக்கு எடுப்பது, யாருக்கு வைப்பது என்பதை அவரவரும் மருத்துவரும் முடிவு செய்தார்கள். எடுத்தவர்களிடம் வேறு வித்தியாசங்களும் இருந்திருக்கலாம். புகைபிடித்தல், உடல் எடை போன்றவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள் என்றாலும், கண்டறிந்தது தொடர்பைத்தான், காரணத்தை அல்ல. அதே போல், ‘13 விழுக்காடு கூடுதல்’ என்றால் நூறில் பதின்மூன்று பேர் இறந்தார்கள் என்று பொருளில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆபத்தில் 13 விழுக்காடு கூடுகிறது என்று பொருள். செய்தித்தாள் தலைப்புகள் அடிக்கடி குழப்புவது இங்கேதான்.

எல்லாருக்கும் ஒரே விடை இல்லை

உங்கள் அத்தைக்கு வயது 46 என்று வைத்துக்கொள்வோம். தசைக்கட்டியால் இரத்தம் அதிகம் போய்ச் சோகை பிடித்துவிட்டது. கருப்பையை எடுப்பது என்று முடிவாகிவிட்டது. சினைப்பைகள் நலமாக இருக்கின்றன, குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்ததில்லை. இத்தகையவருக்கு அவற்றை விட்டுவைப்பதையே இன்று பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புவார்கள். இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது ஹார்மோன் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லக் குறைகிறது. அறுவையில் எடுத்தாலோ ஓரிரு நாளில் வீழ்ந்துவிடும். திடீரென்று உடல் தீயாய்க் கொதிப்பது, இரவில் வியர்வையில் நனைந்து விழிப்பது, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வந்து தாக்கும்.

வைத்துக்கொண்டாலும் ஒரு சின்ன இழப்பு உண்டு. சினைப்பைக்கு இரத்தம் இரு வழியாக வருகிறது. ஒன்று பெருந்தமனியிலிருந்து நேராக, மற்றொன்று கருப்பைத் தமனியின் கிளை வழியாக. கருப்பை போனால் இரண்டாம் வழி அடைபடும். இதனாலோ என்னவோ, கருப்பை எடுத்தவர்களில் சிலருக்குச் சினைப்பை சற்று முன்னதாகவே ஓய்வு பெற்றுவிடுகிறது.

இனி கதையை மாற்றுவோம். அதே அத்தையின் தாயும் சகோதரியும் இளவயதில் மார்பகப் புற்றுநோயாலோ சினைப்பைப் புற்றுநோயாலோ பாதிக்கப்பட்டவர்கள் என்றால் விடை தலைகீழாகலாம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள் சேதமடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவுபவை. பிஆர்சிஏ1இல் பிழையோடு பிறந்தவருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. மற்றப் பெண்களுக்கு அது ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015இல், தம் 39ஆம் வயதில், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துக்கொண்டதை வெளிப்படையாக எழுதினார். அவருக்கு பிஆர்சிஏ1 பிழை இருந்தது. கவனித்தீர்களா, அவர் கருப்பையை விட்டுவைத்தார்! கடும் எண்டோமெட்ரியோசிஸ், சினைப்பையிலேயே கட்டி, கருப்பைப் புற்றுநோய் ஆகியவையும் எடுப்பதற்கான காரணங்கள் ஆகலாம்.

65 வயதுப் பாட்டிக்குத் தராசு வேறு விதமாகச் சாயும். அந்த வயதில் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருக்கும். எனவே எடுத்தாலும் இழப்பு குறைவு.

அண்மைக் காலத்தில் நடுவழி ஒன்றும் பிறந்திருக்கிறது. ‘சினைப்பைப் புற்றுநோய்’ என்று நாம் அழைப்பதில் மிகக் கொடிய வகை, பல நேரங்களில் கருக்குழாயின் அந்த விரல் போன்ற முனையில்தான் தொடங்குகிறது என்று தெரியவந்தது. அப்படியானால் குழாய்களை மட்டும் எடுத்துவிட்டு, ஹார்மோன் தரும் சினைப்பைகளை விட்டுவிடலாமே! கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 2010 முதல் மருத்துவர்கள் இதை ஊக்குவித்து வருகிறார்கள். குழாய்க்கு இனி வேலையில்லை, ஹார்மோனும் சுரப்பதில்லை. எனக்கு இது அழகான தீர்வாகத் தோன்றுகிறது.

கடைசியாக அந்தப் படிவம். ‘டோட்டல் ஹிஸ்டரெக்டமி’ என்று இருந்தால் ‘டோட்டல்’ என்பதைப் பார்த்து எல்லாவற்றையும் எடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கருப்பையும் அதன் கழுத்தும் மட்டுமே அதில் அடங்கும். ‘சால்பிங்கெக்டமி’ என்றால் குழாய், ‘ஊஃபோரெக்டமி’ என்றால் சினைப்பை, ‘பைலேட்டரல்’ என்றால் இருபுறமும். இவற்றைச் சுருக்கி டி.ஏ.எச்.பி.எஸ்.ஓ. என்று ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். கடைசி மூன்று எழுத்துகள்தான் இரு குழாய்களையும் இரு சினைப்பைகளையும் குறிப்பவை. அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த மூன்று எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், ஏன் என்று மருத்துவரிடம் அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.