வார இறுதியில் பழைய ஜீப்: எதை முதலில் கழற்றுவது?

மஹிந்திரா எம்எம்540 மாதிரியான பழைய ஜீப்பை வாங்கியவர்கள் முதலில் செலவு செய்வது பெரும்பாலும் பெயின்ட்டுக்கும் பெரிய டயருக்கும்தான். பிரேக்கும் ஸ்டீரிங்கும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' கணக்கில் போய்விடும். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். வண்டி முதலில் நிற்க வேண்டும், அடுத்து நேராகப் போக வேண்டும், இன்ஜின் அதற்குப் பிறகு. பெயின்ட் கடைசி. ஞாயிறு மாலைக்குள் மூட முடியாத எதையும் சனிக்கிழமை திறக்கவும் வேண்டாம். ஒரே நாளில் நாலு இடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து, கடைசியில் எடைக்குப் போகும் ஜீப்புகளில் பல, கழற்றுவதற்கு முந்தைய நாள்வரை ஓடிக்கொண்டிருந்தவைதான்.

வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான வண்டி கிடையாது. உள்ளே இருப்பது பியூஜோ வடிவமைத்த 2112 சிசி டீசல் இன்ஜின். கம்ப்யூட்டரும் சென்சாரும் இல்லை. பானெட்டைத் தூக்கினால் கை உள்ளே போக இடம் இருக்கிறது. போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு இன்னும் ஜீப் ஏறுவதால், அங்கே இதன் குணம் தெரிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். உதிரி பாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, கோவையில் உக்கடம். கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். இத்தனை வருடத்தில் யார் யாரோ ஆக்சிலையும் கியர்பாக்ஸையும் மாற்றியிருப்பார்கள், புத்தகத்தில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் முதல் வேலையாக இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்சியோடு ஒப்பிடச் சொல்கிறேன். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது அந்த எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். துருவை எடுக்கிறேன் என்று அந்த இடத்தில் கிரைண்டரை வைத்துவிடாதீர்கள்.

வேலை வெள்ளிக்கிழமை இரவே தொடங்குகிறது. மறுநாள் கழற்றவேண்டிய போல்ட்டுகளை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை அடித்துவிட்டுப் படுங்கள். காலையில் ஸ்பேனரைப் போட்டதும் எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டாம். இறுக்கும் திசையில் சற்று அழுத்தி, மரை 'டிக்' என்று அசைந்த பிறகு கழற்றுங்கள். வீல் நட்டில் இன்னொரு விஷயம். பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டு இடது மரை, ஸ்டட் முனையில் ஆங்கில 'எல்' எழுத்து குத்தியிருக்கும். அதைப் பார்க்காமல் வழக்கம்போலக் கழற்றுவதாக நினைத்துப் பைப் போட்டு நெம்பினால் ஸ்டட் முறியும்.

வண்டியைத் தூக்கும்போது இதன் ஹேண்ட்பிரேக்கை நம்பவே கூடாது. இந்தப் பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில் பிடிக்காது; டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும் டிரம்மில் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுற்றவிடும், வண்டி நகர்ந்துவிடும். பின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட்பிரேக்கே இல்லை என்று அர்த்தம். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஆக்சிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே படுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எடை தாங்காமல் திடீரென்று நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான்.

முதல் வார இறுதியைப் பிரேக்குக்கே கொடுங்கள். பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை சர்க்யூட்டாக இருப்பதுண்டு. அப்படி இருந்தால் ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். டிரம்மைக் கழற்றியதும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால், வெளியே சொட்டாவிட்டாலும் அது ஒழுகுகிற சிலிண்டர்தான். லைனிங் தூளை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சிலிண்டர் உள்பாகங்களை பெட்ரோலிலோ டீசலிலோ கழுவும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அது மிகத் தவறு. எண்ணெய்ப் பசை பட்டால் அந்த ரப்பர் உப்பி, கொஞ்ச நாளில் பிரேக் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயிலைத் தொட்டே கழுவ வேண்டும், அதைத் தடவியே பூட்டவும் வேண்டும். காற்று எடுப்பதை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி அருகில் இருப்பதில் முடியுங்கள். மிதிப்பது ஒருவர், நிப்பிளைத் திறந்து மூடுவது ஒருவர். மூடிய பிறகுதான் மிதித்த காலை எடுக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஸ்டீரிங். ஒரு குழியில் இறங்கியதும் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று ஆட ஆரம்பித்து, வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காத ஜீப்புகள் ஏராளம். உடனே ஸ்டீரிங் டாம்பர் வாங்கி மாட்டச் சொல்வார்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் கோளாறு வீல் பேரிங்கில், மறையாவிட்டால் கிங்பின்னில். அடுத்துக் கையைப் பக்கவாட்டில் வைத்து ஆட்டினால் டை ராட் முனைகளின் தேய்மானம் தெரிந்துவிடும்.

வீல் பேரிங்கை வீட்டிலேயே சரிசெய்யலாம். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, பேரிங் உருளைகளில் நீலக்கருகலோ சொறியோ இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். இருந்தால் புதியது போடுங்கள். நன்றாக இருந்தால், உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு இடையே மறுபக்கம் பிதுங்கும்வரை நிரப்புங்கள். பூட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டைப் பிடிப்பு வரும்வரை இறுக்கி, பிறகு ஒரு சுற்றில் ஆறில் ஒரு பங்கு தளர்த்தி, வாஷரைப் போட்டு, வெளி நட்டை இறுக்கி, வாஷரை அதன் மேல் மடித்துப் பூட்டுங்கள். கிங்பின்னில் மேலே இருக்கும் மெல்லிய ஷிம்களை எடுத்து ஆட்டத்தைக் குறைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒத்த இறுக்கம் வரவேண்டிய வேலை அது. முதல் தடவை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் புஷ் தேய்ந்திருந்தாலும் இதே படபடப்பு வரும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

வண்டிக்கு அடியில் இருக்கும்போதே யூ-ஜாயிண்ட் கிராஸ்களையும் ஆட்டிப் பாருங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு துண்டுகளையும் பிரிக்குமுன் இரண்டிலும் ஒரே கோட்டில் சென்டர் பஞ்ச்சால் புள்ளி குத்துங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் வண்டி முழுக்க அதிரும், காரணத்தைத் தேடி அலைவீர்கள். டிஃபரன்ஷியல் ஆயில் மாற்ற முதலில் மேலே இருக்கும் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். அது கழன்ற பிறகே கீழ் பிளக். மேல் பிளக் துருவில் சிக்கியிருப்பது, ஆயிலை வடித்த பிறகு தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும். வடிந்த ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் ஓடையில் இறங்கியபோது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆக்சிலின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள்.

இன்ஜினில் வீட்டில் செய்யத்தக்கது கொஞ்சம்தான். டீசல் ஃபில்டரை மாற்றினால் காற்று எடுக்க வேண்டும்: ஃபில்டர் மேல் இருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்போது இறுக்குங்கள். அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடியுங்கள். அந்த டீசல் பீய்ச்சும் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது, கையை அருகே கொண்டுபோகாதீர்கள். காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தால், பம்ப்பைக் கழற்றுமுன் ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சூடு ஏறுகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுங்கள், தெர்மோஸ்டாட் தன் இடத்திலேயே இருக்கட்டும்.

ஞாயிறு மாலை, வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டிப் பாருங்கள். முதலில் வாசலிலேயே, நடக்கும் வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு ஆளில்லாத சாலையில் ஐந்து கிலோமீட்டர். திரும்பி வந்ததும் நாலு ஹப்பிலும் புறங்கையை அருகில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே பேரிங் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் உரசுகிறது. வீல் நட்டுகளையும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளையும் அன்றே ஒருமுறை, ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகே மலைப்பாதை.