விளையாட்டுக் கணினிக்குத் தாய்ப்பலகையும் நினைவகமும் தெரிதல்

கைப்பொருள் சிறிதாயினார்க்கு ஆராய்ச்சியே பெருந்துணை. கணினியில் விளையாட விழையும் மாணவர் சிலர், பெற்றோர் வருந்தி ஈட்டிய பணத்தை வண்ணவிளக்குகள் பொருந்திய பலகைக்கு ஈந்துவிட்டு, வரைகலை அட்டை வாங்குங்கால் வெறுங்கையராய் நிற்பதைக் காண்கின்றோம். ஆதலின், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையையும், ராம் எனப்படும் நினைவகத்தையும் தெரிந்துகொள்ளும் முறையை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

விளையாட்டின் காட்சிகளைத் தீட்டுவது வரைகலை அட்டை. அதற்கு வேண்டும் கணக்குகளைச் செய்வது செயலி. தாய்ப்பலகை இவற்றை இணைக்கும் நிலமேயன்றித் தானே விரைவு தருவதன்று. எனவே பலகையிற் சுருக்கி அட்டையிற் பெருக்குதல் அறிவுடைமையாம். ஆயினும் மலிவு ஒன்றையே நோக்குதலும் தவறு. நினைவகத்தைப் பின்னர்க் கூட்டலாம், அட்டையை மாற்றலாம், பலகையை மாற்றவேண்டின் கணினி முழுவதையும் பிரித்தல் வேண்டும்.

பலகையின் ஆயுளை வரையறுப்பது செயலி அமரும் சாக்கெட்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ.எம்.4 சாக்கெட்டு நெடுங்காலம் பயன்பட்டது. 2017ஆம் ஆண்டுப் பலகைகள் பலவும், பயாஸைப் புதுப்பித்தபின், 2022இல் வந்த செயலிகளையும் ஏற்றன. அதற்குரியது டி.டி.ஆர்.4 நினைவகம். 2022இல் தோன்றிய ஏ.எம்.5 சாக்கெட்டோ டி.டி.ஆர்.5 ஒன்றையே ஏற்கும். இருவகைத் துண்டுகளுக்கும் முனைகள் 288 ஆயினும், வெட்டுவாய் வேறிடத்து அமைந்திருத்தலின், ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. டி.டி.ஆர்.4 துண்டுகளை முன்னரே உடையார்க்கு ஏ.எம்.4 சிக்கனம், சில ஆண்டு கழித்துச் செயலியை மாற்ற எண்ணுவார்க்கு ஏ.எம்.5 நன்று.

மலிந்த பலகை மலிந்த அட்டையையே மிகுதியும் வருத்தும் என்பது நோக்கத்தக்கது. 2022இல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. அட்டைக்குச் செய்தி செல்லும் பாதைகள் நான்கே. ஏ520 பலகை தருவது மூன்றாந் தலைமுறைப் பாதை. பி550 பலகை, ரைசன் 5 5600 போன்ற செயலியுடன் கூடின், அதனினும் இருமடங்கு சுமக்கும் நான்காந் தலைமுறைப் பாதையைத் தரும். பதினாறு பாதையுடைய அட்டைக்கு இவ்வேறுபாடு சிறிது. நான்கே உடையதற்குப் பெரிது.

இனி நினைவகம். 16 ஜிகாபைட்டை ஒரே துண்டாகக் கொள்வதினும் எட்டெட்டாக இரு துண்டுகள் கொள்வது சிறந்தது. 3200 வேகமுடைய டி.டி.ஆர்.4 துண்டு ஒன்று நொடிக்கு 25.6 ஜிகாபைட்டு அளிக்கும். இரண்டு இருவழியாக இயங்கின் 51.2 அளிக்கும். தனி அட்டையின்றி, ரைசன் 5 5600ஜி போன்ற செயலியின் உள்ளமைந்த வரைகலையைக் கொண்டே விளையாடுவார்க்கு இஃது இன்றியமையாதது. அவ்வரைகலை இந்நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளும் ஆதலின். நான்கு இடமுள்ள பலகையில், செயலியிலிருந்து எண்ணி இரண்டாம் நான்காம் இடங்களில் அவற்றைச் செருகுதல் பெரும்பான்மை வழக்கு.

பெரிய எண்ணைக் கண்டு மயங்கலாகாது. 3200 வேகமும் சி.எல். 16உம் உடைய துண்டிலும், 3600 வேகமும் சி.எல். 18உம் உடைய துண்டிலும் அத்தாமதம் 10 நானோவினாடியே. பின்னதன் மிகுதி செய்தியைச் சுமக்கும் அளவில் மட்டுமே. மேலும், பயாஸில் எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்காவிடின், விலைகொடுத்த வேகம் கிட்டாது. துண்டு தன் இயல்பான குறைந்த வேகத்திலேயே ஓடும்.

செயற்கை நுண்ணறிவுக்குரிய கணினி நிலையங்களின் தேவை பெருகியமையால், 2025ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை மிகவுயர்ந்தது. இந்நிலையில் தவறான துண்டொன்று வாங்குதல் மாணவர்க்குச் சிறு இழப்பன்று. ஆகவே பலகையை நெடுநாட்கெனத் தேர்க. நினைவகத்தை இணையாகக் கொள்க. அழகுவிளக்கிற்கு ஆகும் பணத்தை அட்டைக்கு ஈக. இம்மூன்றும் கடைப்பிடிப்பார் சிறுபொருளானும் நிறைபயன் எய்துவர் என்பது எம் துணிபு.