எதிர்ப்பு சக்தி: கூட்டக் கூட்ட நல்லதா?

கொரோனாவுக்குப் பிறகு மருந்துக்கடை, மளிகைக்கடை என்ற வித்தியாசமில்லாமல் 'இம்யூனிட்டி பூஸ்டர்' குடியேறிவிட்டது. பொடி, லேகியம், ஜூஸ் எல்லாவற்றிலும் அதே வாசகம். கூடவே சில நம்பிக்கைகளும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

நம்பிக்கை: எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடினாலும் நல்லதுதான்.

2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டிஜிஎன்1412 என்ற புது மருந்தை மனிதர்களிடம் முதன்முதலாகச் சோதித்தார்கள். நோயோடு போராடும் டி செல்களைத் தூண்டிவிடுவதுதான் அதன் வேலை. விலங்குகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் 500-இல் ஒரு பங்கை, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த ஆறு ஆண்களுக்கு ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, உடல்வலி, வாந்தி உணர்வு, ரத்த அழுத்தச் சரிவு. ஒரு நாள் முடிவதற்குள் ஆறு பேருமே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள். எல்லோரும் பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் ஒருவர் விரல் நுனிகளை இழந்தார். அவர்கள் உடம்பில் எந்தக் கிருமியும் நுழைந்திருக்கவில்லை. தாக்கியது அவர்களுடைய எதிர்ப்பு சக்திதான்.

இதுவே மெல்ல நடந்தால் வேறு பெயர்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்தால் முதல் வகை நீரிழிவு. மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம். இதே வகையைச் சேர்ந்த லூப்பஸ் என்ற நோய்க்கும் முடக்குவாதத்துக்கும் மருத்துவர்கள் கொடுப்பது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து! கடைப் பொடிகள் பெரும்பாலும் எதையும் கூட்டுவதில்லை என்பது ஒருவகையில் நிம்மதிதான்.

நம்பிக்கை: அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி கிடையாது.

சளி உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறேழு தடவை வருவது சகஜம்; அதை வைத்து எதிர்ப்பு சக்தி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நம்பிக்கை: ஒருமுறை வந்த நோய் மறுபடி வராது.

நோயைப் பொறுத்தது. 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவி, சுமார் 7,800 பேரில் 6,000 பேரைப் படுக்கவைத்தது. ஆராயப் போன பீட்டர் பானும் என்ற டேனிஷ் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: 1781-இல் தட்டம்மை கண்டு பிழைத்திருந்த முதியவர்கள் ஒருவருக்கும் அது திரும்ப வரவில்லை. 65 வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை.

டெங்கு அப்படியல்ல. அதில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு. பிறகு வேறு வகை தாக்கும்போது, முன்பு உருவான ஆன்டிபாடிகளே வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவிவிடலாம். இரண்டாவது டெங்கு பல நேரம் கடுமையாவது இதனால்தான். 'எனக்குத்தான் வந்துபோயிடுச்சே' என்று கொசுவலையைச் சுருட்டி வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை: தடுப்பூசியைவிட நோய் வந்துபோவதுதான் பலம்.

தட்டம்மையிடம் இந்தக் கணக்கு செல்லாது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவு இது: மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மை அழித்துவிட்டிருந்தது. தடுப்பூசி அப்படி எதையும் அழிப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. விட்டுப்போயிருந்தால் குழந்தையைக் கூட்டிப்போய்ப் போட்டுவிடுங்கள்.