கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பார்த்தால் போதாது

கேம் டெவலப்மென்ட் படித்துவிட்டு வேலை தேடுபவர்களின் போர்ட்ஃபோலியோக்களைப் பாருங்கள். ஒரு பிளாட்ஃபார்மர், ஒரு ஷூட்டர், ஒரு கார் ரேஸ். அந்த வரிசையில் நீங்களும் போய் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தனித்துத் தெரிய வேண்டுமா? திரையே தேவைப்படாத ஒரு கேமை முழுதாக முடித்துக் காட்டுங்கள். பார்வையற்றவர்கள் காதை மட்டும் நம்பி ஆடும் ஆடியோ கேம். கிராபிக்ஸ் செலவு இல்லை, சுலபமாக முடித்துவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். இறங்கிய பிறகுதான் தெரியும், இதுவரை கற்ற வித்தையில் பாதி இங்கே செல்லாது என்று. முடித்துக் காட்டியவருக்கு மதிப்பு கூடுவதும் அதனால்தான்.

1. முதலில் நல்ல கேம்களை ஆடுங்கள்

1997-ல் ஜப்பானில் கென்ஜி ஈனோ, 'ரியல் சவுண்ட்: காஸே நோ ரிக்ரெட்' என்ற கேமை சேகா சாட்டர்ன் கன்சோலுக்குக் கொண்டுவந்தார். தன் கேம்களை எப்படியோ ஆடிக்கொண்டிருந்த பார்வையற்ற ரசிகர்களை நேரில் சந்தித்த பிறகு அவர் தொடங்கிய வேலை அது. பெட்டிக்குள் பிரெய்ல் குறிப்பேடு வைத்தார். கேமை சேகாவுக்கு மட்டும் தருவதற்கு ஈடாக, ஆயிரம் கன்சோல்களைப் பார்வையற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று பேரம் பேசிச் சாதித்தார். பேரம் பேசத் தெரிந்த டெவலப்பர்! அந்தத் திறமையும் உங்களுக்கு வேண்டும்.

பிறகு 2010-ல் ஐபோனுக்கு வந்த 'பாபா சாங்ரே', 2015-ல் பிரெஞ்சு நிறுவனமான டோவினோவின் 'எ பிளைண்ட் லெஜண்ட்', 2021-ல் கனடாவிலிருந்து வந்த 'தி வேல்: ஷேடோ ஆஃப் தி கிரவுன்'. கிடைப்பதை வாங்கி ஹெட்போனில் ஆடுங்கள், நோட்டில் குறித்துக்கொண்டே ஆடுங்கள். 'எ பிளைண்ட் லெஜண்ட்'டில் பார்வையிழந்த வீரனை அவன் மகள் குரல் கொடுத்து நடத்திச் செல்வாள். வழிகாட்டும் பீப் ஒலியை ஒரு கதாபாத்திரமாகவே மாற்றிவிட்டார்கள். வழியும் தெரிகிறது, கதையும் நகர்கிறது. இப்படி எது எதற்காக வைக்கப்பட்டது என்று பிரித்துப் பார்க்கக் கற்றால்தான் நீங்கள் டிசைனர்.

2. ஒலி அலங்காரம் இல்லை, தகவல்

இங்கேதான் பெரும்பாலான புதியவர்கள் வழுக்குகிறார்கள். ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையுள்ளவர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்வது என்னென்ன? கதவு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், திறந்திருக்கிறதா, பூட்டா. இந்த நான்கையும் ஒலியில் சொல்லியாக வேண்டும். திறந்த கதவென்றால் வெளியே பெய்யும் மழை அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்கட்டும். மூடிய கதவென்றால் அதே மழையின் கூர்மையைக் குறைத்து மங்கலாக்குங்கள். கதவை நெருங்க நெருங்கக் காலடிச் சத்தம் மண்ணிலிருந்து மரப்பலகைக்கு மாறட்டும். பூட்டியிருந்தால் கைபட்டதும் தாழ்ப்பாள் ஒருமுறை கடகடக்கட்டும். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் நான்கு தகவல்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. 'முன்னால் கதவு உள்ளது, அது மூடியுள்ளது' என்று குரல் வைப்பவரை யாரும் சவுண்ட் டிசைனர் என்று அழைக்க மாட்டார்கள்.

அடுத்த சிக்கல் முன்–பின் குழப்பம். ஒலி ஒரு காதை எட்டிய பிறகு மறு காதை எட்ட ஆகும் நேரம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. அந்தச் சொற்ப வித்தியாசமும் இரு காதிலும் கேட்கும் அளவு வித்தியாசமும்தான் மூளைக்கு இடம் வலம் சொல்கின்றன. நேர் எதிரே வரும் ஒலியிலும் நேர் பின்னால் வரும் ஒலியிலும் அந்த வித்தியாசமே இருக்காது. நிஜத்தில் தலையைக் கொஞ்சம் திருப்பித் தெரிந்துகொள்வோம். சாதாரண ஹெட்போனில் தலையைத் திருப்பினால் ஒலியும் கூடவே திரும்பும். எச்.ஆர்.டி.எஃப் என்ற, காதின் வடிவத்தைக் கணக்கில் எடுக்கும் பைனாரல் முறை ஓரளவு உதவும். ஸ்டீம் ஆடியோ போன்ற இலவசக் கருவிகளிலேயே அது இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவர் காதும் ஒவ்வொரு விதம், அதனால் எல்லாருக்கும் ஒரே துல்லியத்தில் வேலை செய்யாது. அதை மட்டும் நம்பாதீர்கள். ஆடுபவர் தன் பாத்திரத்தை வேகமாகத் திருப்பிப் பார்க்க வழி கொடுங்கள். பின்னாலிருந்து வரும் ஒலியைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள். எதிரிக்குத் தனி 'டும்' ஒலி வைக்காதீர்கள். தாழ்ந்த ஒலியின் திசையைக் காது எளிதில் பிடிக்காது. மூச்சிரைப்பு, சங்கிலி உரசல், சரளைக்கல் மிதிபடும் சத்தம் போன்றவற்றைத் தொடர்ந்து கேட்கும்படி வையுங்கள்.

எல்லாம் ஒரே நேரத்தில் ஒலித்தால் எதுவும் கேட்காது. எந்த ஒலிக்கு முதலிடம் என்று பட்டியல் போடுங்கள். சண்டை தொடங்கியதும் பின்னணி இசை தானாக இறங்க வேண்டும். நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய இசை என்றாலும் இறங்கத்தான் வேண்டும்.

3. ஸ்க்ரீன் ரீடரோடு சண்டை போடாதீர்கள்

கேம் என்ஜின் தன் மெனுவைத் தானே படமாக வரைந்துகொள்கிறது. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடருக்கு அங்கே எழுத்தே தெரியாது, வெறும் சுவர். யூனிட்டியில் இதற்குத் தனி பிளக்-இன் கிடைக்கிறது. 2025-ல் வந்த கோடோ 4.5-ல் ஸ்க்ரீன் ரீடர் ஆதரவு உள்ளேயே சேர்ந்திருக்கிறது. விண்டோஸுக்குச் செய்தால் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ ஸ்க்ரீன் ரீடரில் கட்டாயம் சோதியுங்கள். மொபைலில் இன்னொரு தலைவலி உண்டு. ஐபோனின் வாய்ஸ் ஓவரோ ஆண்ட்ராய்டின் டாக்பேக்கோ ஓடும்போது, நீங்கள் கேமுக்கென்று வைத்த ஸ்வைப்பை அவையே பிடித்துக்கொள்ளும். ஐபோனில், குறிப்பிட்ட பகுதியில் விரல் அசைவு நேராக கேமுக்கே போகும்படி அறிவிக்க வழி இருக்கிறது. டாக்குமெண்டேஷனைத் தேடிப் படியுங்கள்.

பேச்சில் இரண்டே விதி: எதையும் பாதியில் நிறுத்தி அடுத்ததற்குத் தாவ முடிய வேண்டும், வேகத்தை மாற்ற முடிய வேண்டும். பழகிய ஸ்க்ரீன் ரீடர் பயனர் கேட்கும் வேகம் உங்களுக்குப் புரியவே புரியாது. அவரை உட்காரவைத்து உங்கள் நிதானமான டுடோரியலைக் கேட்கச் சொன்னால் அன்றே அன்இன்ஸ்டால்தான். தமிழில் கேம் செய்பவர்கள் எண்களையும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ்க் குரல் எப்படி வாசிக்கிறது என்று ஒன்று விடாமல் கேட்டுப் பாருங்கள்.

4. புளூடூத்தை மறக்காதீர்கள்

வயர் ஹெட்போனில் கச்சிதமாக இருந்த கேம், புளூடூத்தில் நூறு இருநூறு மில்லி செகண்ட் தாமதமாக ஒலிக்கலாம். வாள் வீசும் சத்தம் கேட்டுக் கேடயம் தூக்க வேண்டிய கேமில் அது உயிர் போகும் தாமதம். தொடக்கத்திலேயே தாமதத்தை அளக்கும் சிறு பயிற்சி ஒன்று வையுங்கள். இரண்டு நாள் வேலை, நூறு புகார் மிச்சம்.

5. டெஸ்டருக்குக் காசு கொடுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். மேப் உங்கள் மனதில் இருக்கிறது, நீங்கள் வரைந்ததாயிற்றே. பல வருடமாகக் காதால் வாழ்பவர் கேட்பது வேறு, ஐந்து நிமிடம் கண்ணை மூடியவர் கேட்பது வேறு. முதல் வாரத்திலிருந்தே பார்வையற்ற ஆட்டக்காரர்களைக் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் ஆடும்போது வாயைத் திறக்காதீர்கள். எங்கே நின்றுவிடுகிறார், எந்த ஒலி வந்ததும் தவறான பக்கம் திரும்புகிறார் என்று மட்டும் எழுதுங்கள். இன்னொன்று: பாவம் பார்த்து கேமை எளிதாக்காதீர்கள். அவர்கள் தோற்கவும் ஜெயிக்கவும்தான் வருகிறார்கள், சலுகைக்கு அல்ல.

6. நீங்களே பார்வையற்றவர் என்றால்

இந்தத் துறையில் நீங்கள் ஏற்கெனவே ஒரு படி முன்னால் இருக்கிறீர்கள், அதற்கு விலை பேசுங்கள். பார்வையற்றவரான பிராண்டன் கோல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' (2020), 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' (2023) போன்ற பெரிய கேம்களுக்கு ஆலோசகராக வேலை செய்தார். முதல் கேமில் அறுபதுக்கு மேற்பட்ட அணுகல் வசதிகள். இரண்டாவதில் பார்வையில்லாமலே கார் ஓட்ட ஒலிக் குறிப்புகள். 'ஃபீட்பேக் மட்டும் கொடுங்கள்' என்று இலவசமாகக் கேட்பவரிடம் மணிக்கணக்குக்கு ரேட் சொல்லுங்கள், கிரெடிட்ஸில் பெயரையும் கேளுங்கள். கூடவே கோடிங்கோ ஆடியோ எடிட்டிங்கோ ஒன்றில் கை தேர்ந்துகொள்ளுங்கள். டெஸ்டராக மட்டும் நின்றால் சம்பளமும் அங்கேயே நின்றுவிடும்.

7. காசு எங்கே?

ஆடியோ கேம் விற்றே பணக்காரர் ஆகலாம் என்று நான் சொல்லமாட்டேன். சந்தை சிறியது. அதோடு ஓஎஸ் மாறும்போதெல்லாம் கேமையும் புதுப்பிக்க வேண்டும். அவ்வளவு பாராட்டு வாங்கிய 'பாபா சாங்ரே'யே இன்று ஆப் ஸ்டோரில் இல்லை. விலை வைக்கும்போது பராமரிப்புச் செலவையும் கணக்கில் எடுங்கள்.

ஆனால் இதில் கிடைக்கும் திறமைக்கு வெளியே கிராக்கி உண்டு. கேம் ஸ்டூடியோ, வி.ஆர், பேங்க் ஆப் என எல்லாரும் அணுகல்தன்மை தெரிந்தவரைத் தேடவேண்டிய காலம். இந்தியாவில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே விற்கும் நம் ஊர் ஐ.டி. நிறுவனங்களுக்கு அது ஆர்டர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இன்டர்வியூவில் வீடியோ காட்டாதீர்கள். ஹெட்போனை எடுத்து எதிரே இருப்பவரிடம் கொடுங்கள். ஒரு நிமிட ஆடியோ போதும்: முதலில் டெஸ்டர் வழி தவறிய பழைய வெர்ஷன், அடுத்து திருத்திய வெர்ஷன். எந்த ஒலியை ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். 'கருணை', 'சேவை' என்ற சொற்களை அங்கே எடுக்கவே எடுக்காதீர்கள். நீங்கள் தீர்த்தது ஒரு டிசைன் பிரச்சினை. ஸ்டோர் பக்கத்தில் முதல் வரியிலேயே எந்தெந்த ஸ்க்ரீன் ரீடரில் ஓடும் என்று எழுதிவிட்டு, அந்த லிங்க்கை ரெஸ்யூமேயின் மேல்பகுதியில் போடுங்கள்.