பால் ஆலைக் கழிவுநீரில் ஆய்வைத் தொடங்குகிறவர்களுக்கு

பால் ஆலைக் கழிவுநீரிலிருந்து மட்கும் பிளாஸ்டிக் எடுக்கும் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பாக்டீரியா நல்லதுக்கா?" என்றுதான். முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

டேங்கர் கழுவும்போது வருவது நீர்த்த பால். குழாய்களைச் சுத்தம் செய்யும்போது காஸ்டிக் சோடா வரும், பின்னாலேயே நைட்ரிக் அமிலம் வரும். பன்னீர் திரித்த தண்ணீரிலோ லிட்டருக்கு 45 முதல் 50 கிராம் வரை லாக்டோஸ் இருக்கும். ஒரே கேனில் பிடித்துவந்த தண்ணீரை நம்பாதீர்கள். 24 மணி நேரமும் மணிக்கொரு தடவை எடுத்துக் கலந்து பாருங்கள். சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டரிடம் பேசுங்கள். "இன்னைக்கு நெய் செக்‌ஷன் ஓடுதும்மா, கொழுப்பு மிதக்கும்" என்று அவர் சொல்வது எந்த ஆய்வுக் கட்டுரையிலும் கிடைக்காது.

இனி பாக்டீரியாவுக்கு வருவோம். மட்கும் பிளாஸ்டிக்கை பாக்டீரியாவுக்குள் லெமுவான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டறிந்து அறிவித்தது 1926-இல். அதிகம் ஆராயப்பட்ட குப்ரியாவிடஸ் நெக்கேட்டர் என்ற பாக்டீரியாவுக்கு லாக்டோஸை நேரடியாகச் சாப்பிடத் தெரியாது. அதனால் கலப்பு நுண்ணுயிர்களே பால் கழிவுக்குத் தோது என்பது என் முடிவு. முதல் தொட்டியில் சர்க்கரையைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக் போன்ற அமிலங்களாக்க வேண்டும். அடுத்த தொட்டியில் நுண்ணுயிர்களுக்கு வயிறார உணவு, பிறகு நீண்ட பட்டினி. உணவுள்ளபோது அதை பிளாஸ்டிக்காகச் சேமித்துவைக்கும் வகைகளே பட்டினியைத் தாண்டி நிற்கும். இங்கே ஆக்சிஜன் மீட்டர்தான் உங்கள் கண். உணவு இருக்கும்வரை கரைந்த ஆக்சிஜன் தாழ்ந்தே கிடக்கும். அமிலம் தீர்ந்ததும் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் உற்சாகமாக இருக்கும். புரோப்பியானிக் அமிலம் கூடினால், கிடைக்கும் பிளாஸ்டிக் அவ்வளவு எளிதில் நொறுங்காது.

நைல் ரெட் சாயத்தில் செல்கள் ஒளிர்வதைப் பார்த்ததும் பிளாஸ்டிக் கிடைத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சாயம் பால் கொழுப்பிலும் ஒட்டும். கொழுப்பை முன்பே நீக்குங்கள். அளவை கேஸ் குரோமட்டோகிராஃபியில் உறுதி செய்யுங்கள்.

செல்லிலிருந்து பிரிப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை. குளோரோஃபார்ம் தூய்மையாகப் பிரித்துத் தரும், ஆனால் நச்சு. ஹைப்போகுளோரைட் மலிவு, ஆனால் பாலிமர் சங்கிலியை அறுத்துவிடும். இந்தப் பிரிக்கும் வேலையைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். எந்த முறையில் பிரிக்கப்போகிறீர்கள், கருவி எந்தத் துறையில் இருக்கிறது என்பதை முதல் ஆண்டிலேயே உங்கள் நெறியாளரிடம் பேசி முடித்துவிடுங்கள்.