கடன் கேட்கும் முன் கைத்தொழில்

தையல், செல்போன் பழுது, பைக் மெக்கானிக் என்று எதையாவது சொந்தமாகத் தொடங்க நினைக்கிறீர்களா? முதலில் உங்கள் மாவட்டத்தில் வங்கி நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துக்கு, 'ஆர்செட்டி'க்கு, ஒரு நடை போய் வாருங்கள். 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சி இது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; மேல் வயது வரம்பும் உண்டு. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். கணக்கு எழுதவும் வாடிக்கையாளரிடம் பேசவும்கூடக் கற்றுத் தருவார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், கடனுக்குப் போகும்போது கைகொடுக்கும். சிறுதொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனில் 10 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் வேண்டாம். வாங்கப்போகும் மெஷினுக்குக் கடையில் கொட்டேஷன் வாங்கி, ஆதார், பான் நகல்களோடு ஒரே ஃபைலில் வையுங்கள். இரண்டிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.