புணையும் பரிசலும்

காஞ்சிபுரம் அனந்தசரசுக் குளத்துத் தெப்பம் அமைதியான நீரில் மிதப்பது. மலையாற்றுப் புணையின் நிலை வேறு. புறநானூற்று 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் உயிரின் போக்கிற்கு உவமையாக்கியது அப்புணையையே. அதன் உறவை ஒகேனக்கல்லில் இன்றும் காணலாம். மூங்கிலால் வட்டமாகப் பின்னி, நீர் புகாதவாறு அடிப்புறம் போர்த்த பரிசலுக்கு முன்னும் பின்னும் இல்லை. கயாக் என்னும் நீள்படகு கூர்முனையால் நீரைக் கிழிக்கும். பரிசலோ தட்டையான அடியால், ஆழங்குறைந்த பாறையிடைகளிலும் வழுக்கிச் செல்லும். புணை நீரோடு செல்வதனால் புலவரை விதிக்கு அடங்கியவர் என்பாரும் உளர். பரிசலோட்டியைப் பார்த்தபின் எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் ஓட்டத்தை எதிர்ப்பதில்லை. அதன் போக்கறிந்து ஒற்றைத் துடுப்பால் பரிசலைத் திருப்புகிறார். காவிரியில் வெள்ளம் பெருகினால் மாவட்ட நிருவாகம் தடை விதிக்கும். அன்று பரிசல்கள் கரையேறிவிடும்.